கரப்பானும் கத்திரிக்காயும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுற ஜாதி. எஞ்சினியரிங்ல உயிரியல் பக்கமே போகாம தப்பிச்சவன். இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுல குழந்தைக்கு வைத்தியம் பார்க்காதீங்க. இது ஒரு சரித்திரப் பதிவு, அவ்வளவுதான்.

"ஏட்டி, கத்திரிக்காய் எதும் தின்னியா?"

வீடியோ கால்ல பேரன் கன்னத்தைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டது இங்கிலாந்துல இருக்குற என் அக்காகிட்ட. வருஷம் 2023. மருமகனுக்கு அப்போ எட்டு மாசம். ரெண்டு கன்னமும் செவசெவன்னு, முழங்கை மடிப்புலயும் முழங்காலுக்குப் பின்னாலயும் பொரிப்பொரியா, நீர் கசிஞ்சு, ராத்திரி பூரா சொறிஞ்சு ஒரே அழுகை. அங்கே டாக்டர் எழுதினது எக்ஸிமா. அம்மா அகராதியில கரப்பான். கரப்பான்னா கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, நிலக்கடலை ஆகாது. குழந்தைக்கு மட்டும் இல்ல, பால் குடுக்குற தாய்க்கும் ஆகாது. எங்க ஆச்சி காலத்துல இருந்து வர்ற சட்டம். 'கரப்பான் பண்டம்'னு தனியா ஒரு சொல்லே வெச்சிருக்கோமே.

அக்கா அதைக் காதுல போட்டுக்கலை. ஆனா அவ மனசுலயும் அதே கேள்விதான் ஓடிட்டு இருந்துது. பாலா இருக்குமோ? முட்டையா? கோதுமையா? ஏதோ ஒண்ணு சேரலை, அதைக் கண்டுபிடிச்சு நிறுத்திட்டா சரியாயிடும். இங்கிலாந்துல இருந்தா என்ன, இடையன்குளத்துல இருந்தா என்ன, தாய்க்குத் தோணுறது இதுதான்.

இந்த நேரத்துல வந்துது ஒரு கடுதாசி. எக்ஸிமா இருக்குற சின்னக் குழந்தைகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்றாங்க, விருப்பம் இருந்தா சேரலாம். கூடவே கட்டுக் கட்டா விளக்கத்தாள். அக்கா அதை ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பிட்டா. "ஏல, நீதான எப்பப் பாரு எதையாவது நோண்டிப் படிச்சுகிட்டு இருப்ப. இதப் படிச்சுட்டு சேரலாமா வேண்டாமான்னு சொல்லு."

படிச்சேன். விஷயம் சிம்பிள். குழந்தைகளை ரெண்டு கூட்டமா பிரிப்பாங்க. ஒரு கூட்டத்துக்கு உணவு அலர்ஜி டெஸ்ட் எடுத்து, அதுல வர்றபடி சாப்பாட்டு ஆலோசனை. இன்னொரு கூட்டத்துக்கு டெஸ்ட் கிடையாது, வழக்கமான களிம்பு வைத்தியம் மட்டும். எந்தக் கூட்டம்னு டாக்டரும் தீர்மானிக்க மாட்டார், தாயும் தீர்மானிக்க முடியாது. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும்.

அக்காவுக்கு வந்துதே கோபம். "டெஸ்ட் ஒண்ணு இருக்குன்னா எல்லாப் பிள்ளைக்கும் எடுத்துட்டுப் போக வேண்டியதுதான? இதுல என்ன குலுக்கல்? எம்பிள்ளை என்ன லாட்டரிச் சீட்டா?"

நியாயமான கேள்வியாத்தான் பட்டுது. பதில் சொல்லத் தெரியலை. ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த வாரம் அது. கூகிளாண்டவரை வேண்டிகிட்டு உள்ளே இறங்கினேன். இறங்கின இடம் 1860கள், மான்செஸ்டர்.

அங்கே சார்லஸ் பிளாக்லின்னு ஒரு மருத்துவர். ஹோமியோபதி ஆளு. வருஷா வருஷம் கோடை வந்தா தும்மல், கண்ணு எரிச்சல். காரணம் வெயிலு, புழுதி, ஓசோன்னு ஆளுக்கொண்ணு சொல்லிட்டு இருந்த காலம். இவர் தன் தோலைக் கத்தி முனையால லேசாக் கீறி, அதுல புல்லோட மகரந்தத்தை வெச்சுக் கட்டினார். இன்னொரு பக்கம் அதே மாதிரி கீறல், ஆனா மகரந்தம் இல்லாம. மகரந்தம் வெச்ச இடம் மட்டும் தடிச்சு வீங்கிடுச்சு. இன்னைக்கு அலர்ஜி கிளினிக்ல கையில சொட்டுச் சொட்டா வெச்சு ஊசி முனையால குத்துறாங்களே, அந்த டெஸ்டோட கொள்ளுத் தாத்தா இதுதான். மனுஷன் அதோட விடலை. பட்டத்துல பிசுபிசுப்பு தடவின கண்ணாடித் துண்டைக் கட்டி மேலே விட்டு, உயரத்துல எவ்வளவு மகரந்தம் பறக்குதுன்னு எண்ணிருக்கார். 1873ல புத்தகமாப் போட்டார். (பட்டம் விட்டு ஆராய்ச்சி! நமக்கெல்லாம் பட்டம் விட்டா வீட்டுல அடிதான் கிடைச்சுது.)

'அலர்ஜி'ங்கிற வார்த்தை பிறக்க இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. வியன்னாவுல கிளெமென்ஸ் ஃபொன் பிர்கேங்கிற குழந்தை மருத்துவர் 1906ல உண்டாக்கின சொல் அது. சீரம் ஊசி போட்ட குழந்தைங்க ரெண்டாவது ஊசிக்கு வேற மாதிரி எதிர்வினை காட்டுறதைப் பார்த்து, 'மாறுபட்ட வினை'ங்கிற பொருள்ல கிரேக்கத்துல இருந்து ரெண்டு துண்டை எடுத்து ஒட்டினார். 1912ல நியூயார்க்ல ஆஸ்கர் ஷ்லாஸ்னு இன்னொரு குழந்தை மருத்துவர். முட்டை, பாதாம், ஓட்ஸ் மூணுக்கும் உடம்பு தடிக்கிற ஒரு சிறுவன் அவர்கிட்ட வந்தான். அவன் தோலைக் கீறி, உணவுகளை ஒண்ணொண்ணா வெச்சுப் பார்த்தார். எதைத் தின்னா தடிக்குதோ அதை வெச்ச இடமும் தடிச்சுது. ஒரு குழந்தையோட உணவு அலர்ஜியைத் தோல் மேல படிச்சுக் காட்டின முக்கியமான ஆரம்பம் இது.

அந்தப் பையன் பேரு சரித்திரத்துல கிடையாது. கவனிச்சீங்களா? பிளாக்லி கீறினது தன் தோலை. ஷ்லாஸ் கீறினது யாரோ பெத்த பிள்ளையை. அந்த அம்மா என்ன யோசிச்சிருப்பா? சரின்னு தலையாட்டினாளா, டாக்டர் சொன்னாருன்னு சும்மா இருந்தாளா? இதெல்லாம் எங்கயும் எழுதி வெக்கிற வழக்கம் அப்போ இல்லை.

அடுத்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1921, ஜெர்மனியில பிரெஸ்லாவ் நகரம் (இப்போ போலந்துல விராட்ஸ்வாஃப்). கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர்னு ரெண்டு மருத்துவர்கள். கூஸ்ட்னருக்கு சமைச்ச மீன் ஆகாது. கொஞ்சம் தின்னாலும் அரிப்பு, இருமல், வாந்தி. பிராஸ்னிட்ஸுக்கு மீனால ஒரு தொந்தரவும் இல்லை. ரெண்டு பேரும் என்ன பண்ணாங்க? கூஸ்ட்னர் ரத்தத்துல இருந்து சீரத்தைப் பிரிச்சு, அதுல ஒரு சொட்டை பிராஸ்னிட்ஸோட வயித்துத் தோல்ல ஊசியில ஏத்தினாங்க. ஒரு நாள் காத்திருந்தாங்க. மறுநாள் அதே இடத்துல மீன் சாறை ஏத்தினாங்க. குப்புன்னு தடிச்சு சிவந்துடுச்சு! மத்த இடத்துல ஏத்தினா ஒண்ணுமில்லை. அதாவது மீன் ஒத்துக்காத ஒரு ஆளோட 'ஒத்துக்காமை'யை எடுத்து, மீன் ஒத்துக்குற ஆளோட தோல்ல ஒரு ரூபாய் காசு அளவு இடத்துல நட்டு வெச்சுட்டாங்க. ரத்தத்துல ஏதோ ஒண்ணு இருக்கு, அதுதான் அலர்ஜியைச் சுமக்குதுன்னு முதல்முறையா நிரூபணம் ஆச்சு.

(ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபிறகு பிராஸ்னிட்ஸ் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போனார். கடைசிக் காலத்துல வைட் தீவுல சாதாரண உள்ளூர் மருத்துவரா இருந்தார். அவர்கிட்ட சளிக்கு மருந்து வாங்கிட்டுப் போனவங்கள்ல எத்தனை பேருக்கு அவர் வயித்தோட வரலாறு தெரிஞ்சிருக்கும்?)

நிற்க. கரப்பானுக்கு வர்றேன். இந்தச் சோதனை குழந்தைகளுக்கு எதுக்கு உதவிச்சு தெரியுமா? உடம்பு பூரா எக்ஸிமா இருக்குற குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கணும்னா கீறிப் பார்க்க நல்ல தோலே இருக்காது. அதனால குழந்தையோட சீரத்தை எடுத்து வேற ஒருத்தர் தோல்ல ஏத்தி, அந்த ஆள் மேல முட்டை, பால், கோதுமைன்னு ஒவ்வொண்ணா குத்திப் பார்ப்பாங்க. அந்த வேற ஒருத்தர் பல நேரத்துல தாய் தகப்பன்தான். பிள்ளையோட அரிப்பை அம்மா தன் கையில வாங்கி அரிச்சுக் காட்டுறா. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இப்பவும் அப்படி எடுப்பாங்களா? எங்கையில குத்தச் சொல்லேன்"னா. ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தருக்கு ஏத்தினா மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே போகும்னு தெரிஞ்சதும் அந்த முறையைக் கைவிட்டாச்சுன்னு சொன்னேன்.

அந்த 'ஏதோ ஒண்ணு' என்னன்னு பிடிபட இன்னும் 45 வருஷம் ஆச்சு. டென்வர்ல கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகான்னு ஜப்பானியக் கணவன் மனைவி, தங்கள் தோலையே சோதனைக்குக் குடுத்து, 1966ல அதை அடையாளம் காட்டினாங்க. ஏறத்தாழ அதே நேரம் ஸ்வீடன்ல உப்சாலாவுல யோஹான்சன், பென்னிச்னு ரெண்டு பேர் வேற வழியில அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க. 1968ல ஐஜிஇ-ன்னு பேர் வெச்சாங்க. உப்சாலாக்காரங்க அதை ரத்தத்துல அளக்குற டெஸ்டையும் செஞ்சு, 1970கள்ல அது கடைக்கே வந்துடுச்சு. இனிமே யார் கையையும் கீற வேண்டாம். ஒரு குழாய் ரத்தம், ஒரு தாள்ல பட்டியல்.

பிரச்சினையே அந்தப் பட்டியல்தான்.

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையனுக்கு இப்படி ஒரு பட்டியல் எடுத்தாங்க. பால், முட்டை, கோதுமை, கடலை, தக்காளின்னு பதினஞ்சு ஐட்டம் சிவப்பு மையில. அவ்வளவையும் நிறுத்தினாங்க. பையன் எடை இறங்கினதுதான் மிச்சம், அரிப்பு போகலை. நம்ம பாஷையில சொல்லணும்னா, லாக் ஃபைல்ல வார்னிங் வந்ததையெல்லாம் பக்னு நினைச்சு ஓடிட்டிருந்த மாட்யூலை எல்லாம் அழிச்ச கதை. ரத்தத்துல ஐஜிஇ இருந்தா உடம்பு அந்த உணவை 'பார்த்து வெச்சிருக்கு'ன்னுதான் அர்த்தம். தின்னா சண்டை போடுமான்னு அதுக்குத் தெரியாது. எக்ஸிமா குழந்தைகளுக்கு இந்த வார்னிங் ரொம்பவே ஜாஸ்தி வரும். தின்னுட்டு நிம்மதியா இருக்குற உணவுக்கும் வரும்.

இதைக் கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்ப சுவாரசியமா இருந்துது. ஒரே வழிதான்: குடுத்துப் பார்க்கணும். அதுவும் குடுக்குறவருக்கும் தெரியாம, தின்கிறவருக்கும் தெரியாம. ஏன்னா 'பால் குடிச்சிட்டான்'னு தெரிஞ்சா அம்மா கண்ணுக்கு எல்லாமே சிவப்பாத் தெரியும். 1976ல டென்வர்ல சார்லஸ் மேங்கிற மருத்துவர் ஆஸ்துமா குழந்தைகளுக்கு உணவைக் கேப்சூல்ல மறைச்சுக் குடுத்து, நிஜமும் டம்மியும் கலந்து இப்படிச் சோதிச்சார். 1978ல லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில ஆதர்டனும் குழுவும் எக்ஸிமாவுக்கே நேரடியா இறங்கினாங்க. 36 குழந்தைகள். எல்லாருக்கும் வீட்டுச் சாப்பாட்டுல முட்டையும் பாலும் நிறுத்தம். அதுக்குப் பதிலா ஒரு பவுடர். கொஞ்ச வாரம் குடுக்குறது சோயாவுல செஞ்சது, கொஞ்ச வாரம் குடுக்குறது முட்டையும் பாலும் உள்ளேயே ஒளிஞ்சிருக்குறது. எது எப்போன்னு வீட்டுல தெரியாது.

கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சது 20 பேர்தான். அதுல 14 குழந்தைகளுக்கு முட்டை பால் இல்லாத வாரங்கள்ல எக்ஸிமா குறைஞ்சிருந்துது. ஆஹா, அம்மா கட்சி ஜெயிச்சிடுச்சேன்னு தோணும். ஆனா அதே ஆய்வுல ஒரு முள்ளும் இருந்துது. யாருக்குக் குறைஞ்சுதோ அதுக்கும், யாருக்கு முட்டை பால் தோல் டெஸ்ட் பாசிட்டிவோ அதுக்கும் சம்பந்தமே இல்லை. அதாவது பத்தியம் சிலருக்கு உதவுது. ஆனா யாருக்கு உதவும்னு டெஸ்ட் சொல்லலை.

1985ல அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழகத்துல ஹியூ சாம்ப்சன் 113 குழந்தைகளை வெச்சுப் பண்ணினது இன்னும் பெரிசு. எல்லாம் கடுமையான எக்ஸிமா. மறைச்சுக் குடுத்துப் பார்த்ததுல 63 பேருக்கு நிஜமாவே ஏதோ ஒரு உணவு எதிர்வினை காட்டிச்சு. முட்டை, நிலக்கடலை, பால் மூணும்தான் அதுல முக்கால்வாசி. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உணவுக்குப் பங்கு இருக்கு; மீதிப் பாதிக்கு இல்லை. அதுவும் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்ந்த கடுமையான கேஸ்கள்ல. உள்ளூர் டாக்டர்கிட்ட வர்ற சாதாரணக் கரப்பானுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? அக்கா கையில இருந்த விளக்கத்தாள் கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான்.

"சரி, சந்தேகமா இருந்தாலும் நிறுத்தி வெச்சா என்ன நஷ்டம்?" இது அத்தான் கேட்டது. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். மான்செஸ்டர்ல டேவிட்ங்கிற குழந்தை மருத்துவர் 1984ல எழுதினதைப் படிக்கிற வரைக்கும். கடுமையான எக்ஸிமாவுக்காக உணவை நிறுத்தி வெச்ச நாலு குழந்தைகளுக்கு, அந்த உணவு திரும்ப உள்ளே போனப்போ உயிருக்கே ஆபத்தான அதிர்ச்சி வந்திருக்கு. அதுவரைக்கும் வயிறு தாங்கிட்டு இருந்ததை, நிறுத்தி வெச்சு மறக்கடிச்சுட்டோமோன்னு ஒரு சந்தேகம் கிளம்பிச்சு.

ஆனா ஊர் உலகம் அந்தப் பக்கம் போகலை. நிலக்கடலை அலர்ஜி கூடிட்டே போச்சு. 1998ல பிரிட்டன்ல, அலர்ஜிக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூணு வயசு வரைக்கும் நிலக்கடலை வேண்டாம்னாங்க. 2000ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஆபத்து அதிகமுள்ள குழந்தைக்குப் பால் ஒரு வயசுக்கு அப்புறம், முட்டை ரெண்டுக்கு அப்புறம், கடலையும் மீனும் மூணுக்கு அப்புறம்னு அட்டவணையே போட்டுது. எங்க ஆச்சி சட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்கு இன்னும் பிடிபடலை. ஆச்சியாவது ஆராய்ச்சின்னு சொல்லிக்கலை :-) இந்த அட்டவணைக்குப் பின்னால சீட்டுக் குலுக்கிப் பார்த்த நல்ல சோதனை எதுவும் இல்லை. நல்லெண்ணத்துல சொன்னது. லட்சக்கணக்கான அம்மாக்கள் கேட்டுகிட்டாங்க.

லண்டன்ல கிடியன் லேக்னு ஒரு மருத்துவர். இவர் ரெண்டு விஷயத்தைக் கவனிச்சார். ஒண்ணு, பிரிஸ்டல் பக்கத்துல 1990களில் பிறந்த கிட்டத்தட்ட 14 ஆயிரம் குழந்தைகளை வெச்சு 2003ல வந்த ஆய்வு. தோல்ல தடவுற களிம்புல கடலை எண்ணெய் கலந்திருந்தா, அந்தக் குழந்தைகளுக்குக் கடலை அலர்ஜி அதிகமா இருந்துது. வாய் வழியாப் போகாம, புண்ணான தோல் வழியா உணவு உள்ளே போனா உடம்பு அதை எதிரியாப் பார்க்குமோ? அப்போ எக்ஸிமா வந்தது உணவால இல்லை, உணவு அலர்ஜி வந்ததே எக்ஸிமாவால! அம்மா போட்ட அம்புக்குறி தலைகீழ். ரெண்டு, இஸ்ரேல்ல ஒரு கூட்டத்துல மருத்துவர்களைப் பார்த்து, கடலை அலர்ஜி கேஸ் பார்த்தவங்க கை தூக்குங்கன்னார். லண்டன்ல கேட்டா அரங்கமே தூக்கும். அங்கே ரெண்டு மூணு கைதான். அந்த ஊர்ல பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே குழந்தைகளுக்கு 'பாம்பா'ன்னு ஒரு கடலைப் பொரி குடுப்பாங்களாம். கணக்கெடுத்தாங்க. 2008ல வந்த முடிவு: பிரிட்டன் யூதக் குழந்தைகள்ல 1.85 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி, இஸ்ரேல்ல 0.17.

இது வெறும் சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. நிரூபிக்கணும்னா சீட்டுக் குலுக்கணும். யாரோட பிள்ளையை வெச்சு?

640 வீட்டுப் பிள்ளைகளை வெச்சு. 2006 கடைசியில இருந்து 2009 வரைக்கும் சேர்த்தாங்க. ஆய்வுக்கு 'லீப்'னு பேர். நாலு மாசத்துல இருந்து பதினொரு மாசத்துக்குள்ள, கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ ரெண்டுமோ இருக்குற குழந்தைகள். அதாவது நம்ம மருமகன் மாதிரி. பாதிப் பேருக்கு அஞ்சு வயசு வரைக்கும் கடலையே கூடாது. மீதிப் பாதிக்கு வாரம் குறைஞ்சது 6 கிராம் கடலைப் புரதம், மூணு வேளையாவது பிரிச்சு, பாம்பாவாவோ கடலை வெண்ணெயாவோ, அஞ்சு வயசு வரைக்கும். ரெண்டு கூட்டத்துலயும் சேர்த்து, தோல் டெஸ்ட்ல லேசா பாசிட்டிவ் வந்த 98 குழந்தைகளும் உண்டு. (தடிப்பு நாலு மில்லிமீட்டருக்கு மேல இருந்தவங்களைச் சேர்க்கலை.)

அந்த அம்மாக்களை நினைச்சுப் பாருங்க. 'மூணு வயசு வரைக்கும் குடுக்காதே'ன்னு அரசாங்கமே சொல்லி முடிச்ச ஊர். கன்னம் வெடிச்ச எட்டு மாசக் குழந்தை. டெஸ்ட் தடிப்புக் காட்டிருக்கு. அந்தக் குழந்தை வாயில கடலையை ஊட்டணும், வாரம் தவறாம, நாலு வருஷத்துக்கு மேல. ஆஸ்பத்திரியில மேற்பார்வையில முதல் வாய் குடுத்தப்போ ஏழு குழந்தைகளுக்கு எதிர்வினை வந்து நிறுத்தினாங்க. மத்தவங்க வீட்டுக்குப் போய் ஊட்டினாங்க. சொன்னபடி நடக்குறாங்களான்னு பார்க்க, குழந்தை படுக்கையில இருந்து தூசி எடுத்து அதுல கடலைப் புரதம் இருக்கான்னு அளந்திருக்காங்க. கடைசி வரைக்கும் 98 சதவீதத்துக்கும் மேல குடும்பங்கள் விலகலை. எங்க புராஜெக்ட்ல நாலு பேர் ஒரு வருஷம் சேர்ந்து இருக்குறதே அதிசயம்.

முடிவு 2015 பிப்ரவரியில வந்துது. கடலையைத் தவிர்த்த கூட்டத்துல 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி. தின்ன கூட்டத்துல 3.2. டெஸ்ட் லேசா பாசிட்டிவ் வந்த குழந்தைகள்ல கூட, தவிர்த்தவங்கள்ல 35.3, தின்னவங்கள்ல 10.6. அதே குழந்தைகள் பன்னிரண்டு வயசைத் தாண்டினப்போ 508 பேரைத் திரும்பப் பார்த்து 2024ல வெளியிட்டாங்க: 15.4க்கு 4.4. நடுவுல தின்கிறதை இஷ்டத்துக்கு விட்டும் பலன் நின்னுது.

எல்லாரும் இந்த ஜெயிச்ச கூட்டத்தைப் பத்தித்தான் எழுதுறாங்க. எனக்கு அந்தப் பக்கத்துக் கூட்டம்தான் மனசுல நிக்குது. தவிர்க்கச் சொல்லி சீட்டு விழுந்தவங்க. அன்னைக்கு ஊர் பூரா எதைப் பாதுகாப்புன்னு நம்பிச்சோ அதையே ஒழுங்காச் செஞ்சாங்க. சீட்டு விழுந்தப்போ 'அப்பாடா, நமக்கு சேஃப் சைடு'ன்னு மூச்சு விட்டவங்க கூட இருந்திருப்பாங்க. அதுல அம்பது குழந்தைகளுக்கு மேல அலர்ஜியோட நின்னாங்க. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அவங்க சேராம வீட்டுல இருந்திருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பாங்க. ஆனா அவங்க சேர்ந்ததாலதான் நமக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அக்காகிட்ட சொன்னேன். (போன் சூடாகி காது வெந்துடுச்சு.) 'டெஸ்ட் எடுத்துட்டுப் போக வேண்டியதுதான'ங்கிற கேள்விக்குப் பதில், டெஸ்ட் எடுத்தா நல்லதா கெட்டதான்னே இன்னும் யாரும் குலுக்கிப் பார்க்கலைங்கிறதுதான். பிரிஸ்டல்ல 84 குழந்தைகளை வெச்சு முன்னோட்டமா ஒண்ணு நடந்து 2021ல வெளியாச்சு. அதுவும் இப்படி ஒரு ஆய்வை நடத்த முடியுமா, பெத்தவங்க ஒத்துக்குவாங்களான்னு பார்க்கத்தான். 1912ல ஷ்லாஸ் கீறின கையில இருந்து நூறு வருஷத்துக்கு மேல டெஸ்ட் எடுத்துட்டு இருக்கோம். டெஸ்ட் எடுத்ததால கரப்பான் குறையுதாங்கிறதை இப்போதான் கேட்க ஆரம்பிச்சிருக்கோம்.

நான் 'சேரு'ன்னு சொல்லலை, 'சேராதே'ன்னும் சொல்லலை. என் பிள்ளையா இருந்தா என்ன பண்ணிருப்பேன்னு கேட்டா. எனக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொல்லித் தப்பிச்சேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கிறேன்.

அக்கா ரெண்டு நாள் கழிச்சுக் கையெழுத்துப் போட்டா. சீட்டு விழுந்தது டெஸ்ட் இல்லாத கூட்டத்துல. அன்னைக்கு அவ என்கிட்ட பேசலை. அத்தான்கிட்டயும் பேசலையாம். அப்புறம் கேள்வித்தாள் வர ஆரம்பிச்சுது. ஏழே ஏழு கேள்வி. போன வாரத்துல எத்தனை நாள் அரிச்சுது, எத்தனை நாள் தூக்கம் கெட்டுது, எத்தனை நாள் ரத்தம் வந்துது, நீர் வடிஞ்சுது, வெடிச்சுது, உதிர்ந்துது, வறண்டுது. மொத்தம் 28க்கு மார்க். நாட்டிங்ஹாம்ல உருவாக்கி 2004ல வெளியிட்ட அளவுகோல். அதுக்கு வெச்சிருக்குற பேரு 'போயம்'. கவிதையாம்! எவனோ நம்ம மாதிரி மொக்கை போடுற ஆளு உள்ளே இருந்திருக்கான்.

முதல் வாரம் அக்கா போட்ட மார்க் 21. தூக்கம் கெட்ட நாள்ங்கிற கட்டத்துல ஏழுன்னு நிரப்பும்போது அழுகை வந்துடுச்சுன்னா. "இவ்வளவு நாளா யாரும் எங்கிட்ட இதக் கேக்கலைடா."

களிம்பை நேரா நேரத்துக்குப் பூசினா. அம்மா ஸ்டீராய்டுன்னு கேட்டதும் பயந்து மிரட்டினதையும் தாண்டிப் பூசினா. மார்க் இறங்கிச்சு, ஏறிச்சு, திரும்ப இறங்கிச்சு. டெஸ்ட் எடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் இறங்கிருக்குமான்னு அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துல எவ பிள்ளைக்கோ டெஸ்ட் எடுத்து முட்டையை நிறுத்திருப்பாங்க, அவளும் வாரா வாரம் இதே ஏழு கட்டத்தை நிரப்பிட்டு இருந்திருப்பா.

இப்போ மருமகனுக்கு மூணு வயசு தாண்டியாச்சு. குளிர்காலத்துல முழங்காலுக்குப் பின்னால மட்டும் லேசா எட்டிப் பார்க்குது. பால், முட்டை, கடலை மிட்டாய் எல்லாம் உள்ளே போகுது. போன லீவுக்கு ஊருக்கு வந்தப்போ அம்மா எண்ணெய்க் கத்திரிக்காய் வெச்சிருந்தா. ஒரு வாய் வெச்சதும் த்தூன்னு துப்பிட்டான்.

"பாத்தியா, பிள்ளைக்கே தெரியுது"ன்னா அம்மா.